'பைய வா' என்றால் சிரிப்பா?

கேள்வி: எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. 'பைய போலாம்' என்றாலும் 'குடிக்க வெள்ளம் இருக்கா' என்றாலும் ஆபீசில் ஒரே சிரிப்பு. 'சேட்டா, நீங்க தமிழா மலையாளமா?' என்று தினமும் ஒருத்தர் கேட்கிறார். பேச்சை மாற்றிக்கொள்ளவா, விட்டுவிடவா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் 'பைய'. அந்த நண்பருக்கு 1098ஆம் குறளை எடுத்துக் காட்டுங்கள், 'பசையினள் பைய நகும்' என்று முடியும். சம்பந்தரும் 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே' என்று பாடியிருக்கிறார். நெல்லைப் பக்கம் இன்றைக்கும் அது வாயில் புழங்குகிற சொல்தான். 'மெதுவா' என்கிறவர்கள் மறந்துவிட்டார்கள், உங்கள் ஊர் மறக்கவில்லை, அவ்வளவுதான். 'வெள்ளம்' மலையாளத்திலும் இருக்கிறது, சரி. உங்கள் விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை, சேர்ந்து வாழ்ந்தவர்கள் வாயில் சொற்களும் சேர்ந்துதான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடி 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்களே, அந்த ஊர்க்காரரைப் பார்த்தா 'நீ தமிழா' என்று கேட்பது? எனக்கே கோபம் வருகிறது.

மாற்றுவதைப் பற்றி. எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால் 'தண்ணி' என்று சொல்லிவிடுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது, எல்லாருமே வீட்டில் ஒன்று வெளியில் ஒன்று பேசுகிறவர்கள்தான். கேலிக்குப் பயந்து மட்டும் மாற்றாதீர்கள். நான் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்த புதிதில் 'அங்கன', 'இங்கன' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்தேன், ஆறு மாசம் கழித்து ஊருக்குப் போன் போட்டால் அம்மா 'யாருய்யா பேசுதது?' என்று கேட்டாள். ஆபீசில் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், இழுவை போகவில்லையாம்.

கேள்வி: எல்லா வட்டார வழக்கும் அழகு என்று எழுதுகிறீர்கள். மெட்ராஸ் பாஷை காதுக்கே நாராசமாக இருக்கிறதே, அதையுமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: அதையும்தான். நாராசம் காதில் இல்லை சார். 1960இல் கனடாவில் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த சிலரை ஒரே பத்தியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கவைத்துப் பதிவு செய்து, மான்ட்ரியல் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்புப் போடச் சொன்னார்கள். இரண்டு குரலும் ஒரே ஆள் என்று மாணவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலம் பேசியபோது அதே ஆள் புத்திசாலியாகவும் உயரமாகவும்கூடத் தெரிந்திருக்கிறார். பிரெஞ்சு பேசுகிற வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் போட்டார்கள், அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த ஊரில் அப்போது பணமும் பெரிய வேலையும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன.

நம் ஊர்க் கதையும் அதேதான். மெட்ராஸ் பாஷை ரிக்‌ஷாக்காரர், மீனவர், வடசென்னைக் கூலித் தொழிலாளி பேசியது. சினிமாவும் பல வருஷம் அதைக் காமெடியனுக்கும் ரவுடிக்கும்தான் கொடுத்தது, கலெக்டர் வேஷத்துக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் காதுக்கு என்ன தோன்றும்? 'நாஸ்தா', 'பேஜார்' எல்லாம் உருது வழியாக வந்தவை. நீங்கள் முகம் சுளிக்கிற 'கஸ்மாலம்' சமஸ்கிருதம், பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணர் அர்ஜுனனைக் கடிந்துகொள்கிற இடத்திலேயே 'கஸ்மலம்' வருகிறது. கோயில் மண்டபத்தில் கேட்டால் கைகூப்புவோம், மீன் மார்க்கெட்டில் கேட்டால் மூக்கைப் பிடிப்போம்.

கேள்வி: எங்கள் கொங்குத் தமிழில்தான் மரியாதை அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, உண்மைதானே?
- வாசகி, ஈரோடு

பதில்: 'ங்க' அதிகம், அது உண்மைங்க. ஒருமுறை கோவையில் தெரியாமல் ஒரு வீட்டு வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் வெளியே வந்து, 'ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?' என்றார்.