வாசகர் கேள்வி – பதில்: ரப்பர் பிடி ஏன் உரிகிறது?

கேள்வி: ஸ்குரூ டிரைவர் கைப்பிடி செய்கிறோம். பிபி (பாலிபுரோப்பிலீன்) பிளாஸ்டிக் மேல் நன்றாக ஒட்டிய அதே டிபிஇ (ரப்பர் போன்ற மென் பிளாஸ்டிக்), கைப்பிடியை ஏபிஎஸ் என்ற கடின பிளாஸ்டிக்குக்கு மாற்றியதும் நகத்தால் கிள்ளினாலே உரிந்து வருகிறது. உருக்கும் வெப்பத்தைக் கூட்டியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மெஷினில் கை வைக்காதீர்கள். கோளாறு பொருள் ஜோடியில் இருக்கிறது. சாதாரண எஸ்இபிஎஸ் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) வகை டிபிஇ-யில் பெரும்பாலும் பிபியும் எண்ணெயும் கலந்திருக்கும். பிபி மேல் ஊற்றும்போது இரண்டும் எல்லையில் உருகிக் கலந்துவிடுகின்றன. ஏபிஎஸ் வேறு குணமுள்ளது, அதோடு இது கலக்காது. வெப்பத்தை ஏற்றினால் டிபிஇ கருகுமே ஒழிய ஒட்டாது. பொருள் தருபவரிடம் 'ஏபிஎஸ், பிசி (பாலிகார்பனேட்) மேல் ஒட்டும் கிரேடு' என்று கேட்டு வாங்குங்கள். டிபியூவும் (பாலியூரித்தேன் வகை மென் பிளாஸ்டிக்) ஏபிஎஸ்-ஸில் நன்றாக ஒட்டும். ஆனால் அதைச் சுமார் 90 டிகிரியில் 3 மணி நேரமாவது உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் குமிழி வரும், பொருளின் வலுவும் குறையும்.

கிரேடு மாற்றியும் உரிந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் சிலிக்கான் ஸ்பிரே: கைப்பிடி அடிக்கும் டையில் (அச்சில்) அதைத் தெளித்தால் ஒட்டும் பரப்பே கெட்டுவிடும். அடுத்தது மாஸ்டர்பேட்ச், அதாவது நிறம் சேர்க்கும் குருணை. அதிலுள்ள வழுக்குப் பொருள் மேற்பரப்புக்கு வந்து இதே கேட்டைச் செய்யும். கடைசியாக ரப்பரின் ஓரம். அது கத்தி முனை போல மெலிந்து முடியக் கூடாது, உரிதல் அங்கேதான் தொடங்கும். கைப்பிடியில் படி வெட்டி, ஓரம் செங்குத்தாக முடியும்படி வையுங்கள். ரப்பர் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய அடுக்கு சட்டென ஆறிவிடும், ஒட்ட நேரம் போதாது.

சோதிக்க 24 மணி நேரம் கழித்து ஒரு பட்டையை வெட்டி, செங்குத்தாக இழுங்கள். ரப்பரே கிழிந்து கைப்பிடியில் மிச்சம் ஒட்டியிருந்தால் பிணைப்பு சரி. சுத்தமாகக் கழன்றால் பிணைப்பே ஏற்படவில்லை.

கேள்வி: மாதம் சில ஆயிரம் பீஸ்தான். டூ-ஷாட் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டு ஊசிப் பகுதிகளும் சுழலும் டையும் கொண்ட அந்த மெஷின் லட்சக்கணக்கில் அடிப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். நீங்கள் கைப்பிடியைத் தனியாக அடித்து, இரண்டாவது டையில் கையால் வைத்து ரப்பர் ஊற்றலாம். டூ-ஷாட்டில் முதல் பகுதி சூடாகவே இருப்பதால் பிணைப்பு எளிது, உங்களுக்கு அந்த வசதி இல்லை. அடித்த அன்றே ஊற்றுங்கள். அதுவரை மூடி வையுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முடிந்தால் கைப்பிடியை 60 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். ஒட்டுதலில் சந்தேகம் இருந்தால் கைப்பிடியில் துளைகளும் உள்குழிவுகளும் கொடுத்து, ரப்பர் பாய்ந்து பூட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள். உள்குழிவுக்காக டை சற்றுச் சிக்கலாகும், இருந்தாலும் அந்தச் செலவு தகும்.

கேள்வி: ரப்பர் எல்லைக்கு வெளியே மெல்லியதாகக் கசிகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் நிரம்புவதில்லை.

பதில்: வேகமாகப் பாயும்போது டிபிஇ மிகவும் இளகும், நூலிடை இடைவெளியிலும் நுழையும். இரண்டாவது டையின் எஃகு, எல்லைக் கோட்டில் கைப்பிடியைச் சுமார் 0.05 மி.மீ. அமுக்கிப் பிடிக்க வேண்டும். கைப்பிடி பிபி என்றால் அது ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அந்தச் சுருக்கம் மாறினால் அந்தப் பிடிமானம் தளரும். அதனால் முதல் டையின் ஹோல்டிங் அழுத்தத்தையும் (டை நிரம்பிய பின் தொடர்ந்து தரும் அழுத்தம்) ஆறும் நேரத்தையும் நிலைப்படுத்துங்கள். 20 கைப்பிடிகளை அளந்து, எல்லாம் ஒரே அளவில் வந்த பிறகு இரண்டாவது டையைத் தொடுங்கள்.