அப்பாவின் 24எஸ் அளவு குறைவு: அல்சைமரா?

அப்பாவுக்கு மறதி, ரத்தத்தில் 24எஸ்-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் குறைவு, இது அல்சைமர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மூளையின் கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்துக்கு வர முடியாது. நியூரான்களில் (மூளையின் நரம்பு செல்களில்) உள்ள சிஒய்பி46ஏ1 என்ற நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டை) சேர்த்து 24எஸ்-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலாக, சுருக்கமாக 24எஸ் ஆக, மாற்றிய பிறகுதான் மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டும். ரத்தத்தில் இருக்கும் 24எஸ்-இல் பெரும்பகுதி இப்படி மூளையிலிருந்து வந்ததுதான். ஆய்வாளர்களுக்கு இதன் மேல் ஆர்வம் அதனால்தான். ஆனால் அதை அகற்றுவது கல்லீரல். அது மந்தமானால் அளவு ஏறும், நியூரான்கள் அழிந்தால் இறங்கும். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் போன்ற துகள்களோடு பயணிப்பதால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை சாப்பிட்டாலும் இறங்கும். அப்பா சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் மொத்தக் கொலஸ்ட்ராலோடு ஒப்பிட்ட விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அல்சைமர் ஆய்வுகளில் 24எஸ் கூடுதலாகவும் வந்திருக்கிறது, குறைவாகவும் வந்திருக்கிறது. ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில் குறைகிறது, ஆனால் அங்கேயும் உறுதி செய்வது மரபணுப் பரிசோதனைதான்.

சரி, பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் அது. அப்புறம் நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனை, எம்ஆர்ஐ. ரத்தப் பரிசோதனைதான் வேண்டுமென்றால் பி-டௌ217 (அல்சைமரில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) பற்றி அவரிடம் கேளுங்கள்.