பாறைக்குளத்தின் ஓரத்தில் ஒரு வகுப்பு

கேள்வி: ஐயா, சனிக்கிழமைதோறும் ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். அவர்களை டர்பன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றபோது நண்டுகளையும் சங்குகளையும் வாளியில் அள்ளிக்கொண்டார்கள். வீடு திரும்புவதற்குள் பாதி இறந்துவிட்டன. தடுத்தால் அழுகிறார்கள். அவர்களுடைய ஆர்வமும் குன்றாமல், அந்த உயிர்களுக்கும் தீங்கு நேராமல் எப்படிக் கற்பிப்பது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: சகோதரிக்கு வணக்கம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் மிகுதியாக வற்றும் என்பதாலும், டர்பன் கரையில் அந்நாள்களின் வற்றம் பெரும்பாலும் முற்பகல் பத்து மணியளவில் அமைவதாலும், விரதத்துக்காக வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைக் கொண்டே நாளைக் குறித்துவிடலாம். நேரத்தை மட்டும், கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையில் சரிபார்த்துக்கொண்டு, நீர் ஏறத் தொடங்கியதும் குழந்தைகளைக் கரையேற்றிவிடுங்கள்.

வாளியை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. வாளியிலுள்ள சிறிதளவு நீர் வெயிலில் விரைவாகச் சூடேறி, அதில் கரைந்துள்ள உயிர்க்காற்றும் குறைந்துவிடுகிறது. தாங்கள் கண்ட இறப்புகளுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். "தொடாதே" என்று சொல்வதற்குப் பதிலாக, கடல் வற்றியபின் பாறைக்குழியில் நீர் தேங்கி நிற்கும் ஒரே ஒரு பாறைக்குளத்தின் ஓரத்தில், நீரில் நிழல் விழாதபடி உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அசையாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கப் போனால் ஒளிந்துகொள்ளும் உயிர்கள் அப்போது தாமாகவே வெளிவரும். வெறும் சங்கு என்று நினைத்தது கால் முளைத்து நடக்கும். அது சங்கு நண்டு. அதன் வயிற்றுப் பகுதி மென்மையானது. வளர வளர அதற்குப் பெரிய சங்கு வேண்டும். நாம் பையில் போட்டுக்கொண்டு வரும் வெற்றுச் சங்கு அது குடியேறவிருந்த வீடு என்று சொன்னால், ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கிவிடும். பூப்போல் விரிந்திருக்கும் கடல் சாமந்தி இரை பிடித்துத் தின்னும் விலங்கு என்பதைக் குழந்தைகள் எளிதில் நம்பமாட்டார்கள். அது சுருங்கி விரிவதை அவர்களே பார்க்கட்டும்.

கல்லைப் புரட்டினால், அதன் அடியில் ஈரத்தில் ஒட்டி வாழ்பவை வெயிலில் காய்ந்துவிடும். ஆகவே கல்லைப் புரட்டுவது தாங்களாகவே இருக்கட்டும். பார்த்த உடனே முன்பு இருந்தபடியே மெல்லத் திருப்பி வைத்து, அதையும் பாடமாக்குங்கள்.

கூம்பு வடிவச் சங்குகளில் நச்சுள்ளவை உண்டு. கரையில் ஒதுங்கும் ப்ளூபாட்டில் என்னும், இழுதுமீன் போன்ற நீல நிறக் கடலுயிர் காய்ந்து கிடந்தாலும் கொட்டும். இவ்விரண்டையும் படத்தில் முன்பே காட்டிவிடுங்கள்.

அள்ளும் ஆசை தீர, பிளாஸ்டிக்கை அள்ளட்டும். 2017 அக்டோபர் புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கொள்கலன்கள் விழுந்து, ஏறத்தாழ 49 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. பருப்பளவே உள்ள அத்தகைய மணிகளை மீன்களும் பறவைகளும் இரையென்று விழுங்குகின்றன. அவற்றைச் சல்லடையில் சலித்தெடுப்பது இந்த வயதுக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை.

பெற்றோரிடமும் ஒன்று சொல்லுங்கள். கடலோரத்தில் பூசை முடித்து, கற்பூரப் பொட்டலத்தின் உறையையும் பிளாஸ்டிக் தட்டையும் அங்கேயே விட்டு வருவதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாழையிலையில் பூவை வைத்துப் படைத்து, மற்றவற்றைத் திரும்ப எடுத்து வருமாறு அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.