பெயர் போடாமல் கேட்பவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியின் ஓநீல் நூலகத்தில், மாணவர்கள் பெயரின்றி ஒட்டும் கேள்விகளுக்குச் சுவரே பேசுவதுபோல் நூலகத்தார் பதில் எழுதுகிறார்கள் என்று படித்து, எங்கள் நுழைவாயிலிலும் ஒரு பலகை வைத்தேன். நூல்களைப் பற்றிய கேள்விகள் குறைவு. காதல், கல்விக் கடன், விடுதித் தனிமை என்றே வருகின்றன. “அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது, படிப்பில் மனம் நிற்கவில்லை” என்று ஒரு சீட்டு. “காலம் எல்லாவற்றையும் ஆற்றும்” என்று எழுதி ஒட்டினேன். வருத்தமான சீட்டுகளுக்கு இப்படிப் பொன்மொழிகள்தான் எழுதுகிறேன். பெயர் போடத் துணிவில்லாதவர்களுக்கு எதற்குப் பதில் என்கிறார் சக ஊழியர். எனக்கும் சில வேளை அப்படித் தோன்றுகிறது. தமிழில் வரும் சீட்டுகளுக்குத் தமிழிலேயே எழுதலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

தமிழில் கேட்டால் தமிழில் எழுதுங்கள். இதற்கு என் அனுமதி எதற்கு?

பெயர் போடத் துணிவில்லாதவர்கள் என்று எழுதிய அதே கடிதத்தின் கடைசி வரியில் உங்கள் பெயரை மறைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மறைத்துவிட்டேன். உங்களுக்கு ஒரு காரணம் இருப்பதுபோல் அந்தப் பிள்ளைகளுக்கும் இருக்கும். தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் வைக்க இடமளித்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசியா 2023இல்தான் நீக்கியது. சட்டமே அவ்வளவு காலம் மிரட்டிக்கொண்டிருந்த ஊரில், மனம் உடைந்த ஒரு பிள்ளை பெயர் போடாமல் எழுதுவதைக் கோழைத்தனம் என்று உங்கள் சக ஊழியர் எப்படிச் சொல்கிறார்?

நூலகத்தில் வாசகருக்கு உதவுவதைப் பற்றி 1876இல் முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் வூஸ்டர் பொது நூலகத்தின் நூலகர் சாமுவேல் கிரீன். எளிய நிலையில் உள்ளவர்கள் தமக்கு வேண்டியதைத் தயக்கமின்றிச் சொல்வதற்கே முதலில் யாராவது அவர்களை ஆதரிக்க வேண்டும் என்பதை அவர் அப்போதே கவனித்திருந்தார். அதைப் படித்தபோது எனக்கு என் மாணவப் பருவம் நினைவுக்கு வந்தது.

நான் ரப்பர்த் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்தவன். உபகாரச் சம்பளத்துக்கான விண்ணப்பப் பாரத்தில் மாதச் சம்பளக்காரர் இருவர் ஜாமீன் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், எல்லாரும் நாட்கூலிகள். பாரம் கொடுத்த அலுவலகத்தில் கேட்டபோது, அங்கிருந்தவர் சிரித்ததோடு சரி. அதன்பின் யாரிடமும் கேட்க நாக்கு எழவில்லை. நூலகத்தில் நூற்பட்டியல் அட்டைகள் இருந்த பெட்டிகளை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். நூல்களை அடுக்கிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர், “என்ன தேடுறீங்க தம்பி?” என்றார். என் நண்பனுக்கு ஒரு சிக்கல் என்று தொடங்கினேன். அந்த நண்பன் யார் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை அவர் நண்பனை விடவில்லை. “உங்க நண்பரோட தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடலாம், அரசாங்கச் சம்பளக்காரர்தானே, ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடுற டிரெசரையும் கேட்கச் சொல்லுங்க” என்று சொல்லி, பாரத்தோடு எந்தெந்த நகல்களை இணைக்க வேண்டும் என்பதையும் ஒரு சீட்டின் பின்புறம் வரிசையாக எழுதிக் கொடுத்தார். என் மறைப்பை அவர் கலைக்கவில்லை; அதற்காகப் பதிலில் எதையும் குறைக்கவும் இல்லை.

இப்போது உங்கள் பொன்மொழிகளுக்கு வருகிறேன். தாயை இழந்த பிள்ளைக்குக் “காலம் ஆற்றும்” என்று எழுதி ஒட்டியது, பசித்து வந்தவருக்கு வாழையிலையை மட்டும் விரித்துவிட்டு நகர்ந்ததற்குச் சமம். ஒருவர் வந்து வேதியியல் நூல் எங்கே என்று கேட்டால், தேடுங்கள் கிடைக்கும் என்றா சொல்வீர்கள்? அலமாரி எண்ணைச் சொல்வீர்கள். துயரத்தைக் கேட்டவருக்கு மட்டும் ஏன் எண் கிடையாது? நம் பல்கலைக்கழக நூலகங்களில் பரவலாக உள்ள, நூல்களைப் பொருள்வாரியாக எழுத்தும் எண்ணும் இட்டு அடுக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் துயரத்துக்கும் இடமுண்டு: இழப்பின் துயர் பற்றிய நூல்கள் பிஎஃப் 575இல் இருக்கும். தமிழ்க் கவிதை வேண்டுமென்றால் பிஎல் 4758. ஆய்வேடு எழுதத் தெரியாமல் தவிப்பவருக்கு எல்பி 2369. இவையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாட்காட்டித் தாளில் இருப்பதை எழுதுகிறீர்கள் என்பதுதான் என் கோபம்.

நூலோடும் நின்றுவிடாதீர்கள். படிப்பில் மனம் நிற்கவில்லை என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. ஒரு பருவத்தை ஒத்திவைக்க உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன வழி, எந்த அலுவலகம், யார் கையெழுத்து, கடைசி நாள் எது என்று நீங்களே போய் விசாரித்து எழுதுங்கள். ஆலோசகரின் அறை எந்த மாடியில், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் சேருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற சாயல் தெரியும் சீட்டு வந்தால் மறுநாள்வரை வைத்திருக்கக் கூடாது. இரவிலும் பகலிலும் பெயர் கேட்காமல் பேச பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. கோலாலம்பூரில் 1970 முதல் இயங்குகிறது. அதன் எண்ணைப் பலகையின் மேலேயே நிரந்தரமாக எழுதி வையுங்கள், யாரும் கேட்டுப் பெற வேண்டிய நிலை வேண்டாம். அதோடு, ஆலோசகரிடம் நீங்களே நேரில் போய்ச் சீட்டைக் காட்டுங்கள்.

கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையில் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தது என்று தெரிந்தாலே அடுத்த சீட்டு வராது.

அம்மாவை இழந்த பிள்ளையின் சீட்டு இன்னும் பலகையில் இருந்தால், பொன்மொழியைக் கிழித்துவிட்டு நாளைக் காலையே வேறு பதில் எழுதி ஒட்டுங்கள். முதல் வரியில் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள், அலமாரி எண் அதற்குப் பிறகு வரட்டும்.