சமிக்கிக்கு அடுத்துதான் சரிகை

கேள்வி: என் மகள் இங்கே ஷ்வேச்சிதோ என்னும் பர்மியச் சரிகைத் தையல் பழகுகிறாள். மூன்று மாதமாக சாயாமா (ஆசிரியை) சமிக்கி மட்டுமே தைக்கவிடுகிறார். வீட்டில் அவளாகச் சரிகை வைத்தால் துணி சுருங்குகிறது. ஏன்?
– வாசகி, மாண்டலே

பதில்: சாயாமா செய்வது சரிதான் அம்மா, பொறுங்கள். ஊசியைச் சமிக்கியின் துளை வழியே ஏற்றி, ஒரு மணி கோத்து, அதே துளையில் இறக்கிப் பழகும்போதுதான் நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பது விரலுக்குப் பிடிபடும். சுருக்கத்துக்குப் பெரும்பாலும் துணியைக் கட்டும் சட்டம்தான் காரணம். துணி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தையலும் அதைக் கூட்டி இழுக்கும். தட்டினால் மத்தளம்போல் அதிரும்வரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டட்டும். சரிகையைத் துணிக்குள் நுழைக்கவே கூடாது, உரிந்துவிடும். மேலே படுக்கவைத்து மெல்லிய நூலால் குறுக்கே பிடிக்க வேண்டும். வளைவுகளில் இன்னும் நெருக்கமாக. உருவங்கள் புடைத்துத் தெரிய உள்ளே பஞ்சு வைப்பதை மட்டும் சாயாமா அருகில் இருக்கும்போதே பழகட்டும். ஓரத்தில் பஞ்சு தடித்தால் முகமே கோணிவிடும்.