முதன்முதலாகக் கோழி வாங்குகிறீர்களா? இனத்தோடு வயதையும் பாருங்கள்

கேள்வி: வீட்டின் பின்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது. நாலு பேர் உள்ள குடும்பம். முட்டைக்காக மட்டும் சில கோழிகள் வளர்க்க ஆசை. எந்த இனம் வாங்கலாம்? குஞ்சாக வாங்கினால் செலவு குறைவு என்கிறார்களே, சரிதானா? சேவலும் வேண்டுமா?

பதில்: சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டையிடும். குஞ்சு பொரிக்க நினைத்தால்தான் சேவல் தேவை. உங்கள் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்பதை மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

எண்ணிக்கையில் முட்டை வேண்டுமென்றால் லெகார்ன். நல்ல தீவனம் கிடைத்தால் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடும், வெயிலும் தாங்கும். ஆனால் மிரளும், வேலியைத் தாண்டிப் பறக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ரோட் ஐலண்ட் ரெட் அல்லது ஆஸ்ட்ரலார்ப் தான் என் சிபாரிசு. பழுப்பு முட்டை இடும், கைக்குச் சுலபமாகப் பழகும். பிரம்மா, சில்கி இரண்டும் பார்க்க அழகுதான். ஆனால் பிரம்மா நிறையத் தின்னும், முட்டை குறைவு. சில்கி அடிக்கடி அடைக்கு உட்கார்ந்துவிடும். அடையில் இருக்கும்வரை முட்டை கிடையாது.

குஞ்சு மலிவு என்பது வாங்கும் நாளோடு சரி. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, இறகு முளைக்கும்வரை, அதாவது சுமார் ஆறு வாரம், காபந்து பண்ண வேண்டும். முதல் முட்டை ஐந்தாம் மாதத்தில்தான். பாலினம் பிரிக்காத குஞ்சுகளாக வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாகிவிடும். அதனால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் 16 வார விடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையாக, நாலு வாங்குங்கள். கோழி கூட்டமாக வாழும் பிராணி, மூன்றுக்குக் குறைய வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கும், காலை முடக்கும் மாரெக்ஸ் நோய்க்கும் தடுப்பூசி போட்டார்களா, எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், கோழியைக் கையில் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழியை இளம் கோழி என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரோட் ஐலண்ட் ரெட், லெகார்ன் போன்ற மஞ்சள் கால் இனங்களில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. முட்டையிட இட, காலின் மஞ்சள் வெளுத்துக்கொண்டே போகும். கால் வெளுத்து, செதில் சொரசொரத்து, கொண்டை பெரிதாகத் தொங்கினால் அது பலமாதம் முட்டையிட்ட கோழி. விடைக்கோழிக்குக் கால் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், கொண்டை சிறிதாக இருக்கும். கண்ணில் நுரை, மூக்கில் சளி, மூச்சில் கரகரப்பு, பின்புற இறகில் ஒட்டிய எச்சம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அந்த ஒன்றை மட்டுமல்ல, அதோடு அடைத்திருந்த கோழிகளையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'எட்டு கோழிக்குப் போதும்' என்று ஒரு கூண்டு விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அளவுநாடாவை நம்புங்கள். இரவில் அடையும் கூண்டுக்குள் கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடி வேண்டும். அதன்படி எட்டு கோழிக்கு உள்ளே மட்டும் 32 சதுர அடி. இடம் நெருக்கமானால் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் பார்த்துவிடும். கூண்டில் அறுகோண வலை அடித்திருந்தால், அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலையாகக் கேளுங்கள்.

கேள்வி: முட்டையிடத் தயார் என்று சொல்லி விற்ற கோழிகள் மூன்று வாரமாகியும் முட்டை இடவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இடம் மாறிய கோழி சில வாரம் முட்டையை நிறுத்துவது சகஜம். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தாலும் தாமதமாகும். முட்டைவாய்க்குக் கீழே இரண்டு கூரிய எலும்புகள் இருக்கும், தடவிப் பாருங்கள். இடையில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாளாகும். இரண்டு மூன்று விரல் நுழைந்து, கொண்டையும் சிவந்திருந்தால், முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்துக்கு மாற்றி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.