கோலம் போட்ட தொட்டியில் கொத்தமல்லி

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. கம்பிக்கு வெளியே ஓர் அடி அகலத்தில் ஸ்லாப் இருக்கிறது. மண் தொட்டிகளை அழகுபடுத்தி அங்கே வைத்து, சமையலுக்கான பச்சிலைகளை வளர்க்க ஆசை. எவையெல்லாம் வரும்? கறிவேப்பிலை வைக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கிழக்கு ஜன்னல் அமைந்தது நல்ல யோகம். காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் விழுந்தால் புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கற்பூரவல்லி நான்கும் தாராளமாக வரும். கறிவேப்பிலை மட்டும் அங்கே வேண்டாம். அது மரமாகிற சாதி. ஐந்தாறு மணி நேர நேர் வெயிலும் 14 அங்குலத் தொட்டியும் கேட்கும். மொட்டை மாடிதான் அதற்குச் சரி.

புதினாவுக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். 6 அங்குல ஆழமும் 10 அங்குல வாயும் உள்ள தொட்டி போதும். கடையில் வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டுகளாகப் பார்த்து விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். கற்பூரவல்லிக்கு 6 அங்குலத் தொட்டியே போதும்.

மண் கலவை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அதில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலை நுனி கருகும்.

மேல் மாடி என்றால் ஒவ்வொரு தொட்டியின் கழுத்தையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். நனைந்த மண்ணோடு தொட்டி நல்ல கனம் கனக்கும். கீழே ஆள் நடமாட்டம் உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: மண் தொட்டிகளுக்கு எனாமல் பெயின்ட் அடித்துப் பூ வரைந்தேன். இரண்டே மாதத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது. உள்ளே புதினாவும் மஞ்சளாகிவிட்டது. பெயின்ட் சரியில்லையா?
- வாசகி, மதுரை

பதில்: பெயின்ட்டில் குறை இல்லை. அதை அடித்த இடம்தான் தப்பு. சுட்ட மண் தண்ணீரைக் குடித்து வெளிப்பக்கமாகக் காய்கிற பொருள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீரும், அதில் கரைந்த உப்பும் சுவர் வழியாகக் கசிந்து வெளியே வரும்போது எனாமல் படலம் வழிமறிக்கிறது. உப்பு படலத்துக்கு அடியில் பூத்து அதைத் தள்ளுகிறது. கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள், வெள்ளைப் பொடி உதிரும். இன்னொரு பக்கம், முன்பு போல் சுவர் வழியாகக் காயாததால் மண் எப்போதும் சதசதவென்று இருக்கிறது. நீங்களோ பழைய அளவிலேயே தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். வேருக்குக் காற்றில்லாமல் புதினா மஞ்சளாகிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. அலங்காரத் தொட்டியை வெளிக்கூடாக மட்டும் வைத்துக்கொண்டு, செடியை ஓர் அங்குலம் சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்து உள்ளே இறக்குவது ஒன்று. அடியில் இரண்டு ஓட்டுத் துண்டு வைத்து உள்தொட்டியைத் தூக்கி நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் எந்தப் பெயின்ட்டும் அடிக்கலாம்.

எங்களுக்குப் பிடித்தது இரண்டாவது வழி: காவியும் சுண்ணாம்பும். இரண்டுமே ஈரத்தை வெளியே விடும். புதுத் தொட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். காவிப்பொடியைத் தயிர் பதத்துக்குக் கரைத்து, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் ஃபெவிகால் சேர்த்து, வெளிப்பக்கம் மட்டும் இரண்டு பூச்சு. உட்புறத்தையும் அடித்துளையையும் தொடவே கூடாது. காய்ந்த பிறகு கழுத்துப் பட்டையில் வெள்ளைக் கோலம். புள்ளி சமமாக விழ ஒரு நூலைக் கழுத்தைச் சுற்றி அளந்து வெட்டி, மூன்று முறை மடியுங்கள். மடிப்புகளில் பேனாவால் குறியிட்டு மறுபடி சுற்றினால் எட்டுச் சம பாகம் கிடைக்கும். தொட்டியின் உடம்பு கீழே போகப் போகக் குறுகுவதால், அங்கே சிக்குக்கோலம் போட்டால் கோடுகள் நெருங்கி முட்டிக்கொள்ளும். உடம்பில் நேர்ப்பட்டைகள் போதும், கோயில் மதில் மாதிரி. நிறம் மங்கும்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தொட்டிக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மளிகைக் கடைத் தனியாவை மூன்று தடவை விதைத்தும் கொத்தமல்லி முளைக்கவில்லை. ஒரு தடவை முளைத்ததும் உடனே பூத்துவிட்டது. ஏன்?
- வாசகர், சேலம்

பதில்: ஒரு தனியா என்பது விதை அல்ல, காய். அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. தரையில் பரப்பி, டம்ளரின் அடியால் லேசாக அழுத்தி உருட்டுங்கள். 'டிக்' என்று இரண்டாகப் பிளக்க வேண்டும், நொறுங்கக் கூடாது. பிளந்ததை ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து மண்ணால் மூடுங்கள். எட்டு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். பலர் ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதுவரை மேல்மண் காயவே கூடாது. ஒரு நனைந்த சாக்குத் துண்டைப் போட்டு மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கடைத் தனியா பழையதாகவும் இருக்கலாம். இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு வாரத்தில் பத்தாவது முளைக்காவிட்டால் ரசப்பொடிக்கு வைத்துக்கொண்டு, விதைக்கடையில் புது விதை வாங்குங்கள்.

உடனே பூத்ததற்குக் காரணம் சூடு. சித்திரை வெயிலில் கொத்தமல்லி தழை விடாமல் தண்டு ஓடிப் பூத்துவிடும். பிடுங்கி வேறு தொட்டியில் நட்டாலும் இதே கதிதான், அதன் ஆணிவேர் அசைவைப் பொறுக்காது. நேரடியாகத் தொட்டியிலேயே விதையுங்கள். ஐப்பசி முதல் தை வரை நல்ல பருவம். கோடையில் அதே தொட்டியில் வெந்தயம் தூவுங்கள். மூன்று நாளில் முளைத்து, மூன்று நான்கு வாரத்தில் கீரையாகும்.

கேள்வி: தோழியின் கிரகப்பிரவேசத்துக்கு ஒரே பெரிய தொட்டியில் புதினா, துளசி, கற்பூரவல்லி மூன்றையும் நட்டுப் பரிசளிக்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: கொடுக்கிற அன்றைக்கு அழகாக இருக்கும். இரண்டு மாதத்தில் புதினாவின் ஓடுதண்டு தொட்டி முழுவதையும் பிடித்துவிடும். அதற்கு ஊற்றுகிற தண்ணீரில் கற்பூரவல்லி அழுகும். மூன்றையும் தனித்தனி 5 அங்குலத் தொட்டிகளில் நட்டு, ஒரே மூங்கில் தட்டில் வைத்துக் கொடுங்கள். நாலு வாரத்துக்கு முன்பே நட்டால்தான் வேர் பிடித்திருக்கும். சணல் கயிறு சுற்றுவதாக இருந்தால் அடியில் இரண்டு விரற்கடை விட்டுச் சுற்றுங்கள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். பெயர்க் குச்சியில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும். துளசியை வெயில் படும் இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: தொட்டிகளைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள். அரிசி கழுவிய தண்ணீரும் டீத்தூளும் தவறாமல் போடுகிறேன்.
- வாசகி, சென்னை

பதில்: ஈக்களுக்கு விருந்து அதுதான். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீத்தூள் மேல்மண்ணில் புளிக்கிறது, அந்த ஈரத்தில் ஈ முட்டையிடுகிறது. டீத்தூளைக் கழுவிக் காயவைத்து மக்கிய பிறகு போடுங்கள். அரிசித் தண்ணீர் அன்றன்றைக்கு எடுத்தது, உப்புப் போடாதது, வாரம் ஒரு முறை போதும். விரலின் முதல் கணு ஆழம் வரை மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஈ குறையும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பிழைத்திருக்கும். கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒரு முறை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.